நாரி போனால் தொழில் போச்சா? மன்னார்க் கரையிலிருந்து சில கேள்விகள்

ஸ்கான் அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு விளங்கியது, அதைக் கையில் தந்தவர் வாயால் சொன்ன ஒரு வசனம் மட்டும்தான்: "முள்ளந்தண்டில பிரச்சினை இருக்கு." அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. வலி ஒரு பக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் என்னை விழிக்க வைத்தது அந்தச் சொல்.

2008இல் மாந்தை மேற்கிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளம்பி, ஊர் ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு மெனிக் பாம் முட்கம்பிக்குள் நின்ற எந்தக் குடும்பத்திடமும் கேட்டுப் பாருங்கள். 'முள்ளந்தண்டு பாதிப்பு' என்றால் அவர்களுக்கு ஒரே காட்சிதான் வரும். எறிகணைச் சிதறல் முதுகில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், படுக்கைப் புண்ணோடு கிடக்கும் ஒரு இளம் உடம்பு. அப்படியானவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். தூக்க முடியாமல் விட்டும் வந்திருக்கிறோம். அவர்களில் தப்பியவர்கள் சேர்ந்து மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற அமைப்பைத் தங்களுக்குத் தாங்களே நடத்துகிறார்கள். அந்த நினைவுகளோடு வாழும் ஒருவனிடம் "முள்ளந்தண்டில பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டால் அவன் என்ன செய்வான்? வீட்டுக்கு வந்து படுப்பான். நானும் படுத்தேன். ஏழு கிழமை.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த ஏழு கிழமைதான் காரணம். மன்னார்த் தீவிலும் எதிரே பெருநிலக் கரையிலும் இப்படிப் படுத்தவர்கள் நிறையப் பேர். சிலர் எழும்பவே இல்லை. அவர்களுக்கு எழும்ப முடியாது என்பதல்ல. எழும்பலாம் என்று எவரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். போரில் அடிபட்டது முள்ளந்தண்டுக்குள்ளே ஓடும் வடம், அதாவது மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புக் கற்றை. அது அறுந்தால் திரும்ப வளராது. டிஸ்க் என்பது வேறு. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் தட்டு. மனிதனுக்கு அப்படி 23 தட்டுகள். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே களி. பனை நிறைந்த எங்கள் தீவில் இதை விளங்கப்படுத்துவது சுலபம்: நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் கீறல் விழுந்து களி வெளியே பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பின் வேரில் முட்டினால் பிட்டத்திலிருந்து கால் வரை மின்னல் அடித்தது போல இழுக்கும். விறைக்கும். அதைத்தான் டிஸ்க் விலகியது என்கிறோம். விலகுவதில்லை, பிதுங்குகிறது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒரு விடயம் இதில் உண்டு. பெரும்பாலும் பிதுங்குவது நாரியின் கடைசி இரண்டு தட்டுகள்தான். முள்ளந்தண்டு வடமோ அதற்கு மேலேயே, நாரியின் முதலாவது, இரண்டாவது எலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது குதிரை வால் போலப் பிரிந்து தொங்கும் நரம்பு வேர்கள் மட்டுமே. ஆகவே கடற்கரையில் எஞ்சின் தூக்கி நாரி பிடித்தவனுக்கும் மாத்தளனில் செல் பட்டவனுக்கும் நடந்தது ஒன்றல்ல. இதைச் சொல்ல ஒரு வைத்தியருக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் எனக்கு ஏழு கிழமை மிஞ்சியிருக்கும்.

எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நான் கடற்றொழிலாளி அல்ல, கடற்றொழிலாளியின் மகன். மச்சானின் படகிலிருந்து 15 குதிரைவலு எஞ்சினைக் கழற்றித் தோளில் வைக்கப் போனேன். அது குறைந்தது 35 கிலோ. குனிந்து, உடம்பைத் திருப்பி, ஈர மணலில் கால் புதைய நின்று தூக்கினேன். சுழன்று தூக்குவதைப் போல டிஸ்குக்கு ஆகாதது இல்லை என்று இப்போது தெரியும். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது போலிருந்தது. மூன்றாம் நாள் இடது கால் பெருவிரல் வரை விறைத்தது.

பிறகு நடந்தது எங்கள் ஊரில் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆளுக்கு ஒரு வைத்தியம். மாமி நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தா. பரியாரியார் எண்ணெய் தந்தார். இரண்டும் இதமாகத்தான் இருந்தன. சூடு தசைப்பிடிப்பை இளக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் முதுகில் ஏறி நின்று நெட்டி முறிக்கிறேன் என்று வந்தபோது மனைவி தடுத்துவிட்டாள். நல்ல காலம். கால் விறைத்திருக்கும்போது அப்படி முறுக்குவது ஆபத்து. வெளி மாவட்டத்தில் ஒரு தனியார் இடத்தில் ஸ்கான் படத்தை மாத்திரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கிழமையே வெட்ட வேணும், இல்லாட்டி நடக்க ஏலாமல் போயிடும்" என்றார்கள். என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சொன்ன தொகைக்குத் தோட்டக்காணியை ஈடு வைக்க வேண்டும்.

ஸ்கான் படத்தை வைத்து மட்டும் பயமுறுத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு 2015இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு சாட்சி. நாரி நோவே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரரில் 30 வீதமானோருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. எண்பது வயதுக்காரரில் 84 வீதம். நோவு எவருக்கும் இல்லை. தலை நரைப்பது போல டிஸ்கும் நரைக்கிறது. படத்தில் தெரிவதெல்லாம் வருத்தம் அல்ல.

இன்னொரு ஆய்வுத் தொகுப்பும் அதே 2015இல் வந்தது. எனக்கு இப்போதும் ஆச்சரியம் தரும் முடிவு அது. களி எவ்வளவு பெரிதாக வெளியே தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு அது தானாகக் கரையும் வாய்ப்பும் அதிகம். முழுதாக அறுந்து வெளியே விழுந்த துண்டுகள் 96 வீதம் சுருங்கின. வெறுமனே புடைத்தவை 13 வீதமே சுருங்கின. வெளியே வந்த களியை உடம்பு அந்நியப் பொருளாகக் கண்டு தின்றுவிடுகிறது. அறிக்கையில் பயங்கரமாக எழுதப்பட்டிருப்பதுதான் பல வேளைகளில் நன்றாக ஆறுகிறது.

அப்படியானால் சத்திரசிகிச்சையே தேவையில்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் கடும் கால்வலி வந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே சத்திரசிகிச்சை, மறுபாதிக்குப் பொறுத்திருந்து பார்ப்பது. முடிவு 2007இல் வெளிவந்தது. ஒரு வருடம் முடியும்போது இரு பக்கமும் 95 வீதம் தேறியிருந்தார்கள். வெட்டியவர்கள் விரைவாகத் தேறினார்கள், அவ்வளவுதான். பொறுத்திருந்தவர்களில் 39 வீதமானோர் வலி தாங்காமல் இடையில் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. கால் பாதம் தூக்க முடியாமல் பலம் இறங்கிக்கொண்டு போனால், மாதக்கணக்கில் வலி அடங்காவிட்டால், கத்திக்குப் பயப்பட வேண்டாம்.

தாமதிக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது தெரியாமல் போய்விடுவது. மலவாசலைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப் போவது. இரண்டு காலும் சேர்ந்து பலமிழப்பது. இவை வந்தால் நாள் பார்க்காமல், மணி பார்த்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கூச்சத்தால் இதை மனைவியிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மன்னார் ஆட்களுக்கு அந்த இலக்கம் வேறொன்றையும் நினைவூட்டும் என்பது தெரியும். முஸ்லிம் அயலவர்கள் வெளியேற்றப்பட்டதும், எங்களில் பலர் வள்ளத்தில் இராமேஸ்வரம் போனதும் அந்த வருடம்தான். இப்போது உதவிக்குக் கூப்பிடும் இலக்கம் அது.

போரில் காயப்பட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். உடம்பில் செல் பீஸ் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போகும்போது கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரும் காந்தம். இரும்புத் துண்டு முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ கண்ணிலோ இருந்தால் நகரக்கூடும், சூடேறக்கூடும். எங்கே காயம்பட்டது, எப்போது பட்டது என்று அதிகாரிகளிடம் சொல்லப் பயந்து மறைத்துப் பழகியவர்கள் நாங்கள். இந்த அறைக்குள் மட்டும் மறைக்காதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், அல்லது சி.டி. ஸ்கான் எடுக்கலாம்.

என்னை எழுப்பியது ஒரு இளம் இயன் மருத்துவர். என் மகள் வயது இருக்கும். கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தா, பெருவிரலை அழுத்தச் சொன்னா, குதிக்காலில் நடக்கச் சொன்னா. பிறகு, "ஐயா, ஏழு கிழமை படுத்ததில நாரி தேறேல்ல, கால்தான் மெலிஞ்சிருக்கு. இண்டைக்கே நடக்கத் தொடங்குங்கோ" என்றா. நோகுமே என்றேன். "நோகும்தான். நோகுது எண்டதும் உள்ளுக்குக் கிழியுது எண்டு நினைக்காதையுங்கோ. நோவு காலிலயிருந்து நாரிக்கு ஏறினா நல்லது. நாரியிலயிருந்து காலுக்கு இறங்கினா அண்டைக்குக் குறையுங்கோ." இவ்வளவுதான். இந்த அளவுகோல் எனக்கு எந்த மாத்திரையையும் விடப் பயன்பட்டது.

முதல் நாள் வீட்டுப் படலை வரை போய்த் திரும்பினேன். ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை. இரண்டு கிழமையில் சந்தி வரை. இரண்டு மாதத்தில் பள்ளிமுனைப் பெருக்க மரம் வரை. காலை வேளையில் வீதியில் என்னோடு நடந்தவை மன்னார்க் கழுதைகள் மட்டும்தான். கழுதைகள் சும்மா திரிய, மனிதர்கள் எஞ்சின் சுமந்து போகும் ஊர் இது என்று அப்போது எனக்குள் சிரித்துக்கொண்டேன். நடப்பது ஏழை வைத்தியம் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் நாரி நோவிலிருந்து தேறிய 701 பேரை வைத்துச் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாக நடக்கப் பழகியவர்களுக்கு நோவு திரும்பி வர நடுத்தரமாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டியும் உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கம் கொடுப்பதையுமே முன்னால் வைக்கிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிக் கட்டும் இடுப்புப் பட்டியை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

இனித்தான் விடயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையை நான் பார்க்க முடிந்தது, நான் மன்னார் நகரத்தில் இருந்தபடியால். தலைமன்னாரில் இருக்கும் ஒருவர் வர வேண்டுமென்றால் முப்பது கிலோமீற்றர் அளவில் பஸ்ஸில் குலுங்கி வர வேண்டும். திரும்பவும் அதே தூரம். நிற்பதை விட இருக்கும்போதுதான் டிஸ்கில் அழுத்தம் கூட என்று 1960களிலேயே சுவீடனில் ஊசி ஏற்றி அளந்து காட்டினார்கள். வைத்தியத்துக்கு வரும் பயணமே வருத்தத்தைக் கூட்டுகிறது. இரண்டு தடவை வருவார், மூன்றாம் தடவை வரமாட்டார். முசலி, மாந்தை ஆட்களுக்கும் இதே கதைதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்தால் நூறு கிலோமீற்றருக்கு மேல்.

மன்னார் மாவட்ட பொது வைத்தியசாலைக்கு இந்தியாவின் 600 மில்லியன் ரூபா உதவியில் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவு கட்ட 2025இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மிக அவசியமான கட்டடம், எத்தனையோ வருடத் தேவை. அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் எங்கள் அரசியல்வாதிகளின் சுகாதாரப் பேச்சு கட்டடத்தோடும் இயந்திரத்தோடும் நின்றுவிடுகிறது. நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். பேசாலையிலும் தலைமன்னாரிலும் சிலாவத்துறையிலும் முருங்கனிலும் அடம்பனிலும் அரச வைத்தியசாலைகள் ஏற்கெனவே நிற்கின்றன. அங்கே கிழமைக்கு ஒரு நாள் ஒரு இயன் மருத்துவர் வந்து இருந்தால் போதும். அவருக்குத் தேவை ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு மோட்டார் சைக்கிள். 2022 நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் வெளிநாடு போய்க்கொண்டிருக்கும் நிலையில் ஆளணி கேட்பது கஷ்டம்தான். ஆனாலும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கக்கூட ஆளில்லை. வடமாகாண சபையின் ஆயுள் முடிந்தது 2018 ஒக்டோபரில். அதற்குப் பின் தேர்தல் இல்லை. மாகாண சுகாதாரம் ஆளுநரின் கையில்.

இயன் மருத்துவர் வந்தாலும் பாதிக் கிணறுதான். மறுபாதி வயிற்றுப்பாடு. தேறுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமை என்கிறார்கள். பாரத் தொழிலுக்குத் திரும்ப இன்னும் கூட. எங்கள் கரையில் பெரும்பாலானவர்கள் பங்குத் தொழிலாளர்கள். படகுக்கு ஒரு பங்கு, எஞ்சின் வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கில்லை. வேலையில் காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1934இலேயே வந்துவிட்டது. தற்செயலாக அதே 1934இல்தான் கால்வலிக்குக் காரணம் டிஸ்க் பிதுங்குவது என்று அமெரிக்காவில் இரண்டு வைத்தியர்கள் எழுதினார்கள். ஆனால் பங்குக்குப் போகிறவனுக்கு முதலாளி யார்? படகுக்காரனே கடனில் நிற்கிறான். அஸ்வெசுமவில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுப்பனவு உண்டு. மூன்று மாதம் மட்டும் உழைக்க முடியாதவனுக்கு அதில் இடமில்லை. நிரந்தரமாக முடங்கினால்தான் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவான் என்பது என்ன நியாயம்?

ஆகவே என்ன நடக்கிறது? நான்காம் கிழமையே வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள். இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துவிட்டுப் போயிருந்தால் கடன்காரன் வாசலில் நிற்பான், இரண்டாம் கிழமையே இறங்குவார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, எஞ்சினை வீட்டில் வைத்துவிட்டுத் தண்டு வலித்துப் போன ஐம்பது வயதுக்காரர்களை எனக்குத் தெரியும். எரிபொருள் விலை பொருளாதாரப் பக்கத்துச் செய்தி என்று நினைக்கிறோம். அது நாரியிலும் ஏறுகிறது.

கரைவலைச் சர்ச்சையையும் பாருங்கள். உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுப்பதா, கையால் இழுப்பதா என்று பல வருடமாக வாக்குவாதம். வின்ச் கடலடியைச் சுரண்டுகிறது, இருபது பேரின் கூலியைப் பறிக்கிறது என்கிறார்கள் ஒரு பக்கம். இழுக்க ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள் மறுபக்கம். கடலைப் பற்றிய கவலையில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் நான் போயிருந்த கூட்டங்களில், கயிற்றை இடுப்பில் கொளுவிப் பின்னோக்கி நடந்து இழுத்த அந்த இருபது பேரின் நாரியைப் பற்றி இரு பக்கமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் ஆள் கிடைப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு பதில் அல்லவா? பெண்களின் நாரி இன்னும் பேச்சில் வரவில்லை. நாள் முழுக்க நிலத்தில் குந்தியிருந்து கருவாட்டுக்கு மீன் வெட்டி, பின்னேரம் தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்ணுக்கு "வீட்டிலதானே இருக்கிறா" என்று பெயர்.

போரில் தூக்கிய சுமைக்கும் இன்றைய டிஸ்குக்கும் நேர்கோடு போட நான் முயலவில்லை. பங்கர் வெட்டியது, தாயைத் தோளில் சுமந்தது, அரிசி மூட்டையோடு நந்திக்கடல் ஓரம் நடந்தது எல்லாம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. எல்லோருக்கும் நாரி போகவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். நித்திரையில்லாத, பழைய பயம் விடாத உடம்பில் நோவு கூடுதலாக உறைக்கும், கூடுதல் நாள் நிற்கும். மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொண்டு கனகாலம். வலி கிளினிக்கில் "நித்திரை வருதா?" என்று கேட்பதும் வைத்தியம்தான். அதைக் கேட்டால் 'விசர் எண்டு நினைக்கினம்' என்று கோபிக்காமல் பதில் சொல்லுங்கள்.

சவுத்பாரில் எனக்குத் தெரிந்த ஒருவர், முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள். என்னைப் போலவே கடைசித் தட்டு. ஐந்து மாதத்தில் கடலுக்குத் திரும்பினார். முதல் இரண்டு மாதம் நடை. பிறகு குந்தி எழும்பப் பழகினார். பிறகு வெறும் கலன், பாதி கலன், இருபது லீற்றர் நிறைந்த கலன் என்று படிப்படியாகத் தூக்கினார். உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கி, திரும்புவதென்றால் இடுப்பை அல்ல, காலை எடுத்து வைத்துத் திரும்பினார். கடலில் முதல் மாதம் வலை இழுப்பில்லை, சுக்கான் பிடிப்பது மட்டும். அதற்கு அவருடைய படகுக்காரர் சம்மதித்து முக்கால் பங்கு கொடுத்தார். ஐந்து மாதமும் வீடு ஓடியது மனைவியின் நண்டு வேலையிலும், அவரது சகோதரி பிரான்சிலிருந்து அனுப்பிய காசிலும். இரண்டும் இல்லாதவனுக்கு என்ன வழி என்று அவரே என்னிடம் கேட்டார்.

எஞ்சினை மட்டும் அவர் இனித் தோளில் வைப்பதில்லை. பழைய மோட்டார் சைக்கிள் சில்லு இரண்டைப் பூட்டி, வெல்டிங் கடையில் ஒரு கைவண்டில் செய்வித்தார். மணலில் புதையாது. முதல் கிழமை கரையில் எல்லோரும் சிரித்தார்களாம். நான் போன கிழமை போனபோது அவர் எஞ்சினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வண்டில் எங்க?"

"ஆர் கொண்டு போனாங்கள் எண்டு தெரியேல்ல அண்ணை. அஞ்சு படகுக்காரர் மாறி மாறி எடுக்கிறாங்கள். இப்ப எனக்குத்தான் கிடைக்குதில்ல."